போற வழிதானே

புது வண்டிக்குப் பூசை போட்ட அன்று மாரிச்செல்வம் ஒரே ஒரு தப்புதான் செய்தான். எங்கள் பஜாரில் பச்சைப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு அது. அடக்க விலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

சங்கரன்கோவில் பஜாரில் ஆறு கடைக்காரர்கள் சேர்ந்து அவன் வண்டியை அமர்த்தியிருந்தோம். தினமும் காலையில் ஆறு கடையிலும் சரக்கு ஏற்றிக்கொண்டு திருவேங்கடம் போவான். வழியிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள சின்னக் கடைகளில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்புவான். திருவேங்கடம் நடை என்றாலே மாரிச்செல்வம்தான். பதினான்கு வருடமாக அப்படி. அந்த ஆறு கடையில் ஒன்று என்னுடையது. எந்தக் கடை என்பது கதைக்குத் தேவையில்லை. அவன் வாடகையைக் குறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பது தெரிந்தால் போதும்.

பழைய வண்டி ஒரு டீசல் குட்டியானை, சின்ன லோடு வண்டி. தெருமுனையில் அது திரும்பும்போதே கடைக்குள் தராசு ஆடும். அதை விற்றுவிட்டு, கையில் இருந்ததையும் போட்டு, கரண்டில் ஓடுகிற புது வண்டி எடுத்தான். யோசனை அவன் மனைவி ஜெயசித்ராவுடையது. இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். ஊரில் பாதிப் பேரின் ஆதார் எண் அவளுக்குத் தெரியும். மீதிப் பேரின் பிறந்த தேதியை அவள்தான் திருத்திக் கொடுத்தாள். ராத்திரி வீட்டு பிளக்கில் சொருகினால் காலையில் நூறு சதவீதம், நூற்றுப்பத்து கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டு, மூன்று மாதம் பேசியே அவனை ஷோரூமுக்குக் கூட்டிப் போனாள்.

கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, நேரே பஜாருக்கு வந்தான். வண்டி வந்தது யாருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்று ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். ஒரு எவர்சில்வர் தூக்கில் கேசரி கொண்டுவந்து எல்லாருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தான்.

மொத்த மளிகை செல்லப்பா அண்ணாச்சிதான் ஆறு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். சீனி மூட்டையைத் தூக்காமலே எடை சொல்லுவார். ஆளையும் அப்படித்தான். கேசரியை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டார்:

"ஓட்டத்துக்கு எப்படி வே? கட்டுபடி ஆவுதா?"

மாரிச்செல்வத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "டீசல்ல கிலோமீட்டருக்கு ஏழு ரூவா ஆச்சு அண்ணாச்சி. இதுல ஒண்ணேகால் ரூவாதான்."

அண்ணாச்சி கேசரியை முழுசாக விழுங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வரும்போது கையில் பில் குத்தி வைக்கிற கம்பி இருந்தது.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினான்கு வருடமாக டீசல் விலை ஏறும்போதெல்லாம் மாரிச்செல்வம் பேப்பரில் அந்தச் செய்தியை மட்டும் கத்தரித்துக்கொண்டு ஆறு கடைக்கும் வருவான். மேசையில் வைத்துவிட்டு, "நானா கேக்கேன்? டீசல் கேக்குது" என்பான். எங்களுக்கும் மறுக்க வழி இருக்காது, வாடகை ஏறும். டீசல் இறங்கிய நாட்களில் அவன் பேப்பர் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். மற்றவர்கள் அந்தத் துண்டுகளில் வடை எண்ணெயைத் துடைத்துப் போட்டோம். செல்லப்பா அண்ணாச்சி அத்தனையையும் கம்பியில் குத்தி வைத்திருந்தார்.

ஒவ்வொன்றாகக் கழற்றி, பழையது முதல் புதியது வரை, மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"இதெல்லாம் நீ குடுத்ததுதான வே?"

"ஆமா அண்ணாச்சி."

"டீசல் ஏறுனா வாடகை ஏறும்னு சொன்னது நீதான?"

"ஆமா."

"இப்ப டீசல் எங்க வே?"

மாரிச்செல்வம் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அதுவும் சத்தம் காட்டாமல் நின்றது.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் நாள் வாடகை அன்றைக்கு மதியத்துக்குள் ஆயிரத்து இருநூறு ஆனது. எங்களுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தோம்.

வண்டியை மாற்றி அவனுக்கு மிச்சமாக வேண்டியதெல்லாம் எங்கள் ஆறு பேருக்கு மிச்சமானது. பழைய வண்டியில் கையில் நின்றதைவிட இப்போது குறைவாக நின்றது. வேறு நடை தேடலாம் என்றால் அதற்குள் இது கைவிட்டுப் போகும். கருத்தப்பாண்டி என்று ஒருவர், மூன்று டீசல் வண்டி வைத்திருப்பவர், எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெயசித்ரா இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னாளாம்: "ஆறு மாசம் இப்படி ஓடுனா வண்டிய வித்துட்டு நீங்க கருத்தப்பாண்டிகிட்ட டிரைவராப் போவணும். அவரு வண்டில பாட்டுப் பெட்டிகூடக் கெடையாது."

பத்தாவது நாள் வண்டி நடுவழியில் நின்றது.

இளையரசனேந்தல் தாண்டி, இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் ரோடு. திரையில் மூன்று சதவீதம். வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, விரதம் இருக்கிறவர் கோயில் சுற்றுகிற மாதிரி நகர்ந்தது. எதிரே ஒரு மாவு மில். அதை நடத்துகிற முருகம்மாள் வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி கேட்டு வருவாங்க, டீசல் கேட்டு வருவாங்க. பிளக்கு கேட்டு இப்பத்தான் ஒரு ஆள் வாராரு" என்றாள். பிளக் தருவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மெஷின் ஓடும்போது வண்டிக்கும் சேர்த்து மின்சாரம் இழுக்காது, வரிசைப்படிதான் என்றுவிட்டாள். முன்னால் மூன்று பேர் மிளகாய் வற்றலோடு நின்றார்கள். அரைத்து முடிகிறவரைக்கும், பிறகு சார்ஜ் ஏறுகிறவரைக்கும், மிளகாய் நெடியில் மூன்றரை மணி நேரம் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நூற்றுப்பத்துத் தும்மல் என்று எண்ணினானாம். அதற்கு மேல் எண்ணத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தும் தும்மல் நிற்கவில்லை. ஜெயசித்ரா அவன் போனை வாங்கினாள். அந்த வண்டிக்கு ஒரு செயலி உண்டு. அன்றன்றைக்கு எங்கெங்கே ஓடியது என்று படத்தில் கோடு போட்டுக் காட்டும். அவள் பார்த்தாள். ஜிலேபி பிழிந்து வைத்த மாதிரி இருந்தது.

"திருவேங்கடம் ரோடு இதுல எங்கங்க இருக்கு?"

அவன் விரலால் தொட்டுக் காட்டினான்.

"சரக்கு எறக்குத ஊரு எல்லாம் சேத்தாலும் அறுவது கிலோமீட்டருதான் வரும். நூத்தி இருவத்தஞ்சு ஓடியிருக்கு. மிச்சம் யாரு வீட்டுது?"

மிச்சம் எங்கள் வீட்டுது. அதற்கு எங்கள் பஜாரில் 'போற வழிதானே' என்று பேர். ரிவைண்டிங் கடை சாம்ராஜ், காடுகளில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை எடுத்துவரச் சொல்வார், போற வழிதானே. ஜவுளிக்கடை ஜுவைரியா, ரோட்டைவிட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற தையல்காரம்மாவிடம் துணிக்கட்டைக் கொடுத்துவிட்டுத் தைத்ததை வாங்கிவரச் சொல்வார், போற வழிதானே. நானும் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றிலும் பெரிய சுற்று செல்லப்பா அண்ணாச்சியுடையது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு ஒயர்க்கூடை, இளையரசனேந்தலில் கட்டிக்கொடுத்த மகள் அபிதா வீட்டுக்குப் போகும். அந்தப் பத்தாவது நாளும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

அண்ணாச்சி தானே போகலாம், போக மாட்டார். பேரனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதில் தகராறு. அண்ணாச்சிக்கு மகன் கிடையாது. தம்பி மகனைப் பட்டு வேட்டி கட்டித் தயாராக உட்கார்த்தியிருந்தார். சம்பந்தி அவசரத்தில் வேறு யார் மடியிலோ பிள்ளையை வைத்துவிட்டார். "இனி உம்ம வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி பந்தியிலிருந்து எழுந்தவர்தான். வருடம் ஒன்றாகிறது. கூடையில் அண்ணாச்சியின் மனைவி செண்பகவல்லி அக்கா மீன்குழம்பும் ரவா லட்டும் வைத்து அனுப்புவார்கள். திரும்பி வருவது காலி டிபன் கேரியர். கூடவே, பேரனுக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று மாரிச்செல்வம் சொல்வான். அண்ணாச்சி காது கேட்காதவர் மாதிரி பில் எழுதிக்கொண்டிருப்பார். ஆனால் பல் கணக்கு அவருக்குத் தெரியும்.

டீசல் வண்டியில் இந்தச் சுற்றெல்லாம் வெளியே தெரியவில்லை. அதில் டீசல் முள் பல வருடமாகப் பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத செலவைத்தான் 'டீசல் ஏறிப்போச்சு' என்று மொத்தமாக எங்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தான். புது வண்டியோ ஒவ்வொரு சதவீதத்தையும் முகத்துக்கு நேரே எண்ணிச் சொல்கிறது.

மறுநாள் காலையில் மாரிச்செல்வம் அண்ணாச்சி கடைக்கு வந்து மிகவும் பணிவாகப் பேசினான். "ஆயிரத்து எறநூறு எனக்குச் சம்மதம் அண்ணாச்சி. ஆனா வண்டி சரக்கு எறக்குத கடைக்கு மட்டுந்தான் போவும். போற வழி கெடையாது. பேட்டரி தாங்காது."

இவ்வளவுதானா என்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அறுநூறு ரூபாயை விட்டுவிட்டு ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டு போகிறானே என்று நினைத்தோம். அண்ணாச்சி உடனே தலையாட்டினார். கொஞ்சம் வேகமாகவே ஆட்டினார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வாரம் எங்கள் வாரமாக இல்லை. சாம்ராஜுக்கு நாலு மோட்டார் நாலு காட்டில் கிடந்தது. விவசாயிகள் போனில் கேட்ட கேள்விக்கு அவர் சர்ச்சில் போய்த்தான் பதில் தேட வேண்டியிருந்தது. லோடு ஆட்டோ வைத்து எடுத்துவந்ததில் ரிப்பேர் கூலி அதற்கே சரியாகப் போனது. ஜுவைரியா கடையில் கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் வராமல், மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "மாரியண்ணன் இருந்தவரைக்கும் அந்த ஊரு இவ்வளவு தூரத்துல இல்லையே" என்றார் ஜுவைரியா. சாம்ராஜ் ரகசியமாகக் கருத்தப்பாண்டியிடம் போய்க் கேட்டார். அவர் இரண்டாயிரம் சொன்னார். சொல்லும்போது கையில் பேப்பர் துண்டு வைத்திருந்தார். அதையும் மாரிச்செல்வத்தைப் பார்த்துத்தான் படித்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி கூடையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இளையரசனேந்தலில் இறக்கச் சொல்லிக் கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். கூடை கோவில்பட்டி வரை போய், அங்கே மத்தியானம் இளைப்பாறி, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. ரவா லட்டு டப்பா காலி. மீன்குழம்பை யாரும் தொடவில்லை. லட்டு போனதைவிடக் குழம்பு திரும்பி வந்ததுதான் வீட்டில் பெரிய பிரச்சினையானது. செண்பகவல்லி அக்கா மூன்று நாள் ரசம் மட்டும் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, கூடையோடு வந்து வண்டியின் முன் சீட்டில் ஏறினார். "திருவேங்கடம் கடைக்காரங்கள ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்" என்றார். பதினான்கு வருடத்தில் அவர் பார்க்கப் போகாத கடைக்காரர்கள். மாரிச்செல்வம் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தான்.

இதன் பிறகு நடந்ததை அண்ணாச்சி ஒரு விதமாகவும் மாரிச்செல்வம் ஒரு விதமாகவும் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தை மட்டும் சொல்கிறேன்.

பழைய வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசவே வேண்டாம், பேசினாலும் கேட்காது. இதில் அந்த வசதி இல்லை. மடியிலிருந்த கேரியரின் மூடி ஆடுவதுகூடக் கேட்டது. போகும்போது இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். திருவேங்கடத்தில் சரக்கை இறக்கிய பிறகு மழையும் தீர்ந்துபோனது. திரும்பும் வழியில், இளையரசனேந்தல் ரோடு பிரிகிற விலக்கில், மாரிச்செல்வம் ஓரமாக நிறுத்தினான். திரையில் அறுபத்திரண்டு.

"வண்டி ஏன் வே நின்னுட்டு?"

"நேராப் போனா சங்கரன்கோயில். இடது கைப்பக்கம் இளையரசனேந்தல். எங்கிட்டுப் போவட்டும்?"

அண்ணாச்சி மக்காச்சோளக் காட்டைப் பார்த்தார். "எறநூறு சேத்துக்க."

மாரிச்செல்வமும் மக்காச்சோளக் காட்டைப் பார்த்தான்.

"முந்நூறு."

"பழைய வாடகை ஆயிரத்து எண்ணூறு அண்ணாச்சி."

"அது டீசல் வாடகை. டீசலே இல்லாத வண்டிக்கு டீசல் வாடகை குடுத்தா பஜார்ல என்னைய என்ன நெனப்பாங்க?"

"டீசல்னு நாந்தான் சொன்னேன். தப்புதான். நீங்க குடுத்தது டீசலுக்கு இல்ல. சாம்ராஜ் மோட்டாருக்கு. ஜுவைரியாக்கா துணிக்கட்டுக்கு. உங்க மடியில இருக்குத இதுக்கு."

கூடையிலிருந்து மீன்குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி அக்கா அன்றைக்குக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்திருந்தார்கள். போன செவ்வாய்க்கும் சேர்த்து.

"என் பேரனுக்கு இப்ப எத்தன பல்லு?" என்றார் அண்ணாச்சி. இந்த ஒரு வருடத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியலையே அண்ணாச்சி. ஒரு வாரமா நான் அந்தப் பக்கம் போவலையே."

எதிரே ஒரு டவுன் பஸ் வந்து, ஆள் இறக்கி, போனது. அண்ணாச்சி கூடையின் பிடியை ஒரு தரம் முறுக்கிவிட்டார்.

"ஒரு அம்பது ரூவா கொறச்சுக்க வே. எனக்காக இல்ல. திரும்பிப் போயி நாலு பேர் முன்னால நிக்கணும்லா."

மாரிச்செல்வம் யோசித்தான். ஐம்பது ரூபாய் அவருக்குச் சேர வேண்டியதுதான். பதினான்கு வருடக் கத்தரிப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு அதுகூடக் கிடைக்காவிட்டால் எப்படி. இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டான். டிக், டிக் என்று அது அடித்ததுதான் அந்த வண்டி அதுவரை போட்ட பெரிய சத்தம்.

அன்று மாலை அண்ணாச்சி எங்களைக் கூட்டி, "பழைய வாடகையில அம்பது கொறச்சுப் பேசி முடிச்சிருக்கேன்" என்றார். நாங்கள் சந்தோஷப்பட்டுக் கலைந்தோம். வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போதுதான் ஐந்நூற்றைம்பது ஏறியிருப்பது எனக்கு உறைத்தது. போற வழி திரும்ப வந்தது. ஆனால் ஆறு பேருக்கும் சேர்த்து நாளைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் என்று ஜெயசித்ரா தாளில் அடித்து வண்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். இப்போது நாங்கள் அதைத்தான் பேரம் பேசுகிறோம். "இன்னைக்கு உங்க ஆறு கிலோமீட்டர எனக்குத் தாங்க, திங்கக்கெழம எட்டாத் திருப்பித் தாரேன்" என்று சாம்ராஜ் ஜுவைரியாவிடம் கேட்பதை நானே கேட்டேன்.

அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை வண்டி அபிதா வீட்டு வாசலில் போய் நின்றபோது அண்ணாச்சி இறங்கவில்லை. படி ஏறுவதில்லை என்றால் ஏறுவதில்லைதான். கூடையை மடியில் வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் இல்லாததால் வண்டி வந்தது உள்ளே யாருக்கும் தெரியவில்லை. மாரிச்செல்வம் ஹாரன் அடித்தான். வெளியே வந்த அபிதா அப்பாவைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடி, பிள்ளையைத் தூக்கிவந்து ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தாள். கூடை கைமாறியது. பிள்ளை முதலில் அழப் பார்த்தது. பிறகு எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தாத்தாவை மறந்துவிட்டது. அண்ணாச்சி அதன் வாய்க்குள் விரலைவிட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். எட்டு.

அதற்குள் சம்பந்தி வெளியே வந்துவிட்டார். அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் மாதிரி ஒரு சுற்று சுற்றி வந்தார், டயரை உதைத்தார், கீழே குனிந்து புகைக் குழாயைத் தேடினார். அது இல்லாததைக் கண்டு நிமிர்ந்து மாரிச்செல்வத்திடம் கேட்டார்:

"கரண்டு வண்டியா? கிலோமீட்டருக்கு என்ன ஆவுது?"

மாரிச்செல்வம் வாயைத் திறந்தான். ஆனால் பதில் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு சம்பந்தியோடு செல்லப்பா அண்ணாச்சி பேசிய முதல் பேச்சு.

"அதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாது, அத்தான். வண்டில ஏறி உக்காருங்க, சும்மா தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவோம். போற வழிதானே."

மாரிச்செல்வம் திரையைப் பார்த்தான். நாற்பத்தொன்பது. கதவைத் திறந்துவிட்டான்.